வைக்கோல் சிலுவை

அன்புள்ள ஐயா,

டென்வரிலிருந்து குடும்பத்தோடு நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே நகருக்குக் காரில் போயிருந்தோம். அங்குள்ள ஸ்பானியக் காலனியக் கலை அருங்காட்சியகம் ஒரு வீட்டளவுதான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். தஞ்சைப் பக்கத்துச் செப்புத் திருமேனிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அங்கிருந்த மரச் சொரூபங்கள் பள்ளிப் பிள்ளைகள் செதுக்கியவை போலப் பட்டன. வழிகாட்டி நூலில் இருந்த பெயர் வாசலில் இல்லை. பூர்வகுடிகளை ஒடுக்கிய ஆட்சியின் எச்சங்களை 'மரபு' என்று கொண்டாடுவதும் உறுத்தியது. நான் எதையாவது பார்க்கத் தவறிவிட்டேனா?

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

வீட்டளவு என்று நீங்கள் எழுதியது சரிதான். அது வீடாகக் கட்டப்பட்டதே. ஜான் கா மீம் என்ற கட்டடக் கலைஞர் 1930-இல் வடிவமைத்த அந்த இல்லம் 2002-இல்தான் அருங்காட்சியகமாயிற்று. 3,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கொண்ட சேகரிப்பில் ஒரு சிறு பகுதிதான் எப்போதும் பார்வைக்கு இருக்கும். பெயரைச் சில ஆண்டுகளுக்கு முன் மாற்றிவிட்டார்கள்: இப்போது அது நுவேவோ மெக்ஸிகானோ மரபுக் கலை அருங்காட்சியகம். உங்களை உறுத்திய 'காலனிய' என்ற சொல் அவர்களையும் உறுத்தியிருக்கிறது என்றே எண்ணுகிறேன்.

சோழர் திருமேனியின் பின்னால் ஓர் அரசும் கருவூலமும் தலைமுறைகளாகத் தொழில் பயின்ற ஸ்தபதிகளும் இருந்தார்கள். நியூ மெக்ஸிகோவோ ஸ்பானியப் பேரரசின் கடைசி ஓரம். மெக்ஸிகோ நகரத்திலிருந்து ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீளும் 'காமினோ ரியால்', அதாவது அரச பாதை, ஒன்றே அதற்கு வழி. 17ஆம் நூற்றாண்டில் திருச்சபைக்கான சரக்கு வண்டிகள் அவ்வழியே மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் வந்தன. எண்ணெய் வண்ணமும் பொற்தகடும் பயிற்சி பெற்ற சிற்பியும் அத்தனை தொலைவு வருவது அரிது. ஆகவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கத்திய மக்கள், கைக்கு எட்டியதைக் கொண்டு தங்கள் புனிதர்களைத் தாங்களே செய்துகொண்டார்கள். செய்தவர்களுக்கு 'சாந்தேரோ' என்று பெயர். பெத்ரோ அந்தோனியோ ஃப்ரெஸ்கிஸ், மொயேனோ, ஹோசே ரஃபாயேல் அரகோன் என்று சிலரை நமக்குப் பெயர் சொல்லி அடையாளம் தெரிகிறது, பலரைத் தெரியாது.

அவர்கள் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். சிலைக்குக் காட்டன்வுட் என்னும் ஆற்றோர மரத்தின் வேர், பலகைப் படத்துக்கு வாய்ச்சியால் இழைத்த பைன். ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்து, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசையில் குழைத்து வெள்ளைப் பூச்சாகப் பூசுவார்கள். அதன்மேல் மண்ணிலும் செடியிலும் எடுத்த நிறங்கள், கடைசியாகப் பின்யோன் பைனின் பிசினில் செய்த வார்னிஷ். நீலத்துக்கு மட்டும் தெற்கிலிருந்து வரும் அவுரியை நம்பியிருந்தார்கள். மூக்கு நீண்டும் கை சிறுத்தும் இருப்பதைக் கைத்திறக் குறை என்று மட்டும் எண்ண வேண்டாம். இருட்டான மண்வீட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில், பத்தடி தள்ளி மண்டியிட்டிருப்பவருக்கு இன்ன புனிதர் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு எருதும் ஏர் பிடித்த ஒரு வானதூதரும் இருந்தால் அவர் உழவர் புனிதர் சான் இசித்ரோ. அவருடைய நாளான மே 15 அன்று அவரை வயலுக்கு எடுத்துச் சென்று பயிரைக் காட்டுவது வழக்கம். கேட்டது கிடைக்காவிட்டால் புனிதரைச் சுவர் பக்கம் திருப்பி வைப்பதும் பெட்டியில் பூட்டுவதும் உண்டு என்று பதிவுகள் சொல்கின்றன.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது ஒரு சிலுவை. அரை முழம்கூட இராது. மரத்துக்குக் கறுப்புப் பூச்சு; அதன்மேல் கோதுமை வைக்கோலை நெடுக்குவாட்டில் பிளந்து, தட்டையாக்கி, நெல்மணி அளவும் நகக்கண் அளவுமாக நறுக்கி, பூவும் நட்சத்திரமுமாக ஒட்டியிருந்தார்கள். நேராகப் பார்த்தால் வெறும் வைக்கோல். ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தபோது விளக்கொளி பட்டு அத்தனை துணுக்குகளும் ஒருசேரப் பொன்னாயின. இன்னும் ஓரடி, மறுபடி வைக்கோல். நான் முன்னும் பின்னும் நடப்பதைக் கண்ட காவலர் சந்தேகத்தோடு கிட்டே வந்துவிட்டார். 'ஏழையின் பொற்பூச்சு' என்று அதை அழைக்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்கைப் பார்த்த கண் உங்களுடையது. இதன் முன் நீங்கள் நின்றிருந்தால் உங்கள் கடிதம் சற்று வேறு மாதிரி இருந்திருக்கும்.

இனி 'மரபு' என்ற சொல். அதில் உங்களுக்குள்ள ஐயத்தை நான் தீர்த்து வைக்க முடியாது, கூட்டவே முடியும். 1598-இல் குடியேறிகளோடு வந்த ஸ்பானியத் தளபதி ஓன்யாத்தே, மறு ஆண்டு ஆக்கோமா என்ற பூர்வகுடி ஊரை அழித்து, 25 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் ஒரு பாதத்தைத் துண்டிக்கத் தண்டனை விதித்தார். அவர் வந்ததன் 400ஆம் ஆண்டு விழாவையொட்டி அவருடைய வெண்கலச் சிலையின் வலது பாதத்தை யாரோ இரவில் அறுத்தெடுத்தார்கள். 1680-இல் பொப்பே தலைமையில் பூர்வகுடிகள் கிளர்ந்து ஸ்பானியரை விரட்டினார்கள். பன்னிரண்டாண்டுகளுக்குப் பின்னரே ஸ்பானியரால் திரும்ப முடிந்தது. ஆனால் அந்தச் சொரூபங்களைச் செதுக்கியவர்கள் ஆளுநர்கள் அல்லர். 1846-இல் அமெரிக்கப் படை வந்த பிறகு அவர்களும் ஆளப்பட்டவர்களானார்கள். 1880-இல் ரயில் வந்தது, கூடவே அச்சில் வார்த்த சாந்துச் சொரூபங்கள் மலிவாக வந்தன, மரப் புனிதர்கள் கோயிலை விட்டு வெளியேறினார்கள்.

அவற்றைப் பொறுக்கிச் சேர்த்தவர்கள் வெளியூரார். எழுத்தாளர் மேரி ஆஸ்டினும் ஓவியர் ஃபிராங்க் ஆப்பிள்கேட்டும் 1925-இல் தொடங்கிய சங்கத்தின் சேகரிப்புதான் நீங்கள் பார்த்தது. நியூ மெக்ஸிகோவின் சிமாயோ ஊரிலுள்ள பழைய தேவாலயம் தனியாருக்கு விலைபோக இருந்தபோது 1929-இல் அதை வாங்கித் திருச்சபையிடம் ஒப்படைத்ததும் அவர்களே. அந்த நன்றி இருக்கட்டும். கொர்தோவா கிராமத்துத் தச்சர் ஹோசே தொலோரெஸ் லோப்பெஸ், தாம் செய்த சாமான்களுக்குப் பளிச்சென்று வண்ணம் அடித்துவந்தவர். நகரத்து வாங்குவோருக்கு அது பிடிக்கவில்லை. வண்ணமின்றிக் கேட்டார்கள், அவரும் அப்படியே செதுக்கினார். இன்று அந்த ஊரின் 'பழம்பாணி' என்று விற்பது அந்த வெறும் மரச் சிற்பம்தான். மரபில் எவ்வளவு செய்தவருடையது, எவ்வளவு வாங்கியவருடையது என்பதே அந்த வீட்டில் நான் கேட்க விரும்பும் கேள்வி. அடுத்த பெயர்மாற்றத்தாலும் அது தீராது.

ஜூலை இறுதியில் மறுபடி போக முடிந்தால் நகரச் சதுக்கத்தில் நடக்கும் ஸ்பானியச் சந்தைக்குப் போங்கள், 1926-இல் தொடங்கியது. இன்றைய சாந்தேரோக்கள் தாங்களே கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். படத்தைப் பார்த்த பிறகு, பலகையைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாய்ச்சியின் தடம் பின்பக்கத்தில்தான் இருக்கும்.