குளிர்காலத்தில் அடிக்கடி சிறுநீர்: அதற்காகத் தண்ணீரைக் குறைக்கலாமா?

கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் 43 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பனிக்காலம் வந்துவிட்டால் எனக்கு மணிக்கொரு தரம் சிறுநீர் முட்டுகிறது. தேயிலைக் காட்டில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் காலையில் ஒரு டம்ளர் டீயோடு வேலைக்குப் போனால், மத்தியானம் வரை தண்ணீரே தொடுவதில்லை. இரண்டு மாதமாக நீர்க்கடுப்பு வருவதும் போவதுமாக இருக்கிறது. இடுப்பும் வலிக்கிறது. பக்கத்து லைன் வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. எனக்கும் கிட்னி போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 0.8 என்று வந்தது. நான் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?"

அம்மா, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். குளிரில் சிறுநீர் கூடுதலாகப் போவது சிறுநீரகம் கெட்டதன் அடையாளம் அல்ல. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம். உங்கள் விஷயத்தில் கவலைப்பட வேண்டியது இரண்டு: தண்ணீரை நிறுத்தியது, வந்த சிறுநீரை அடக்கியது.

குளிர்ந்த காற்று பட்டதும் உடம்பின் சூடு வெளியே போகாமல் இருக்க, தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கை கால்களில் ஓடிய ரத்தத்தில் ஒரு பகுதி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் வந்து சேர்கிறது. இதய அறைகள் கொஞ்சம் கூடுதலாக நிரம்புவதால், ரத்தத்தின் அளவு அதிகமாகிவிட்டது என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. சாதாரணமாக மூளையில் உருவாகும் ஏடிஎச் என்ற ஹார்மோன்தான் "தண்ணீரை விடாதே, பிடித்து வை" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். குளிரில் அதன் சுரப்பு குறைகிறது; சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடுகிறது. வியர்வை வழியாகப் போகும் நீரும் குளிரில் குறைவு என்பதால் அந்தப் பங்கும் இந்த வழியாகவே வரும். சமவெளியில் இருந்து ஊட்டிக்கு வருகிறவர்கள் முதல் நாளே இதைக் கவனிப்பார்கள்.

ஆனால் இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. குளிரில் தாகம் மந்தமாகிவிடும். உடம்பில் நீர் குறைந்திருந்தாலும் நாக்கு வறளாது. அதோடு இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, சரிவில் மூட்டையோடு ஏறி இறங்கும்போது உள்ளே வியர்க்கத்தான் செய்கிறது. ஆக நீர் இரண்டு வழியாகவும் போகிறது, தாகமோ எடுப்பதில்லை. இந்த நிலையில் தண்ணீரை வேண்டுமென்றே நிறுத்துவது தவறு.

சிறுநீரகம் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளின் மறைவில், வயிற்று உறுப்புகளுக்குப் பின்னால் அவை இருக்கின்றன. ஒவ்வொன்றும் 10 முதல் 12 செ.மீ. நீளம், சுமார் 150 கிராம் எடை. மேலே கல்லீரல் இருப்பதால் வலது பக்கத்துச் சிறுநீரகம் சற்றுக் கீழே இருக்கும். இவ்வளவு சிறிய உறுப்புகளுக்கு, இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். உடம்பில் இருக்கும் பிளாஸ்மாவே, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியே, 3 லிட்டர் அளவுதான். அதே நீர் ஒரே நாளில் 60 தடவை வடிகட்டப்படுகிறது. கடைசியில் சிறுநீராக வெளியே வருவது ஒன்றரை, இரண்டு லிட்டர்.

மீதி எங்கே போகிறது? ரத்தத்துக்கே திரும்பிப் போகிறது. சிறுநீரகம் கழிவை மட்டும் பொறுக்கி எடுத்து வீசுவதில்லை. ரத்த அணுக்களையும் புரதத்தையும் மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் முதலில் வெளியே தள்ளிவிடுகிறது. கூடையை மொத்தமாகத் தாளில் கொட்டி, நல்ல கொழுந்தை அள்ளித் திரும்பப் போட்டு, முற்றிய இலையையும் குச்சியையும் கிடக்க விடுவது போன்ற வேலை. சர்க்கரை முழுதும், உப்பில் பெரும்பகுதி, தண்ணீரில் 99 சதவீதம் அப்படித் திரும்ப எடுக்கப்படுகின்றன. யூரியா, கிரியாட்டினின், மிஞ்சிய அமிலம், மருந்துகளின் மிச்சம் ஆகியவை வெளியேறுகின்றன. நீங்கள் தண்ணீர் குடிக்காவிட்டாலும் இந்தக் கழிவு போயே ஆக வேண்டும். எனவே குறைந்த நீரில், அடர்ந்த மஞ்சளாக, எரிச்சலோடு போகிறது. உப்புகள் படிகமாகிக் கல் சேர வழி பிறப்பதும் இந்த அடர்ந்த சிறுநீரில்தான்.

இனி நீர்க்கடுப்பு. சிறுநீரகத்தில் இருந்து 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள இரண்டு குழாய்கள் சிறுநீரைப் பைக்குக் கொண்டுவருகின்றன. பையில் 150, 200 மி.லி. சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். 400க்கு மேல் போனால் அவசரம் தெரியும். பையில் இருந்து வெளியே வரும் வழி ஆணுக்குச் சுமார் 20 செ.மீ., பெண்ணுக்கு 4 செ.மீ. மட்டுமே. மலவாய்ப் பக்கம் வாழும் ஈ.கோலை கிருமி அந்தக் குறுகிய வழியில் எளிதாக ஏறிவிடும். அப்படி ஏறியதை அடித்துக்கொண்டு போவது சிறுநீரின் ஓட்டம்தான். ஓட்டத்தையும் குறைத்து, பையில் தேங்கவும் விட்டால், கிருமி பெருகுவதற்கு நேரம் கிடைக்கிறது. உங்களுக்கு இரண்டு மாதமாக வந்து போவது பெரும்பாலும் இதுதான்.

2018இல் வெளியான ஓர் ஆய்வு உங்களுக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவை கடுப்பு வந்தது. பழையபடியே இருந்தவர்களுக்கு 3.2 தடவை. தண்ணீர் ஒன்றே ஏறக்குறைய பாதியைக் குறைத்திருக்கிறது.

இருந்தாலும் இப்போது இருக்கும் கடுப்புக்குத் தண்ணீர் மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, எரிச்சல் தணிந்ததும் விட்டுவிட்டால் கிருமி முழுதாகச் சாகாது. இரண்டு மாதமாகத் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே வலி, வாந்தி என்று வந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் சம்பளத்தை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு எரிச்சல் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருந்தாலும் சிகிச்சை தேவை. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லை என்று யாரும் சும்மா இருக்கக் கூடாது.

உங்கள் இடுப்பு வலி பற்றி. குனிந்து நிமிரும்போதும் மூட்டையைத் தூக்கும்போதும் கூடி, படுத்தால் குறைகிறது என்றால் அது தசை, எலும்பு வலி. சிறுநீரக வலி இடுப்பில் வராது. அதற்கு மேலே, விலாவின் கீழ்ப்பகுதியில் ஒரு பக்கமாக இருக்கும், எப்படிப் படுத்தாலும் மாறாது. கல் இறங்கும் வலி அங்கே தொடங்கி அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் சுருட்டிக்கொண்டு வரும். ஆளைப் படுக்கவே விடாது. நான் கேட்க விரும்புவது வேறு: இடுப்பு வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்? டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. உடம்பில் நீர் நன்றாக இருக்கும்போது எப்போதாவது ஒன்று போட்டால் பெரிய பாதிப்பில்லை. தண்ணீரே குடிக்காமல் தினமும் ஒன்று என்று மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெடும். எஸ்டேட் ஆட்களில் நான் அதிகம் பயப்படுவது குளிருக்கு அல்ல, இந்த மாத்திரைப் பழக்கத்துக்கு. வலிக்குப் பாராசிட்டமால், சூட்டு ஒத்தடம், பாரம் தூக்குவதில் மாற்றம் என்று முதலில் பாருங்கள்.

நாட்டு மருந்திலும் ஓர் எச்சரிக்கை. வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம் பற்றி நான் சண்டை போட மாட்டேன். ஆனால் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும் அமிலம் உள்ள செடிகள். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியவை. எந்தக் கஷாயத்திலும் அவை இருக்கக் கூடாது.

கிரியாட்டினின் 0.8. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இந்தக் கழிவு ரத்தத்தில் தேங்கவில்லை என்பதால் இது நல்ல எண். ஆனால் இந்த எண்ணை வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உங்கள் வயதில் ஒரு பெண்ணுக்கு 0.8 என்றால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 90 மி.லி.க்கு மேல் இருக்கிறது. அதே வயதுப் பெண்ணுக்கு 1.2 வந்தால் திறன் 60க்கும் கீழே. 25 வயது ஆணுக்கு அதே 1.2 வந்தால் 85க்கு மேல். சீட்டில் "நார்மல்" என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகத்தின் திறன் பாதி போன பிறகே கிரியாட்டினின் வெளிப்படையாக ஏறும் என்பதால், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதையும் பார்ப்பது நல்லது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கட்டாயம் பார்க்க வேண்டும். உங்களுக்கும் சர்க்கரைப் பரிசோதனை ஒன்று தேவை. சர்க்கரை ஏறினாலும் சிறுநீர் அடிக்கடி போகும், கடுப்பும் திரும்பத் திரும்ப வரும். வெயில் காலத்திலும், இரவில் நாலைந்து தடவையும் இதே தொல்லை இருந்தால் குளிரின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது.

நீலகிரியில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணியர், இருளர், குறும்பர் சமூகங்களில் அரிவாள் செல் ரத்தக் குறை பலருக்குப் பரம்பரையாக வருகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் இயல்பாகவே குறைவு. அங்கே இந்தக் குறை உள்ளவர்களின் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். அதனால் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் போய்விடும். அவர்கள் தண்ணீரைக் குறைத்தாலும் சிறுநீர் குறையாது. உடம்பு மட்டும் வறண்டு, கடும் வலி தொடங்கிவிடும். இந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் போனாலோ, வலியில்லாமல் சிவந்து போனாலோ அரிவாள் செல் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்றால், உங்களைப் போல நடந்து உழைக்கும் ஒருவருக்குக் குளிர்காலத்தில் இரண்டு லிட்டர், வெயில் அடிக்கும் மாதங்களில் இரண்டரை அல்லது அதற்கு மேல். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். டீ டிகாஷன் நிறத்துக்குப் போனால் போதவில்லை. ஒரேயடியாக ஒரு லிட்டர் குடித்தால் அரை மணியில் முட்டும். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய் அரை டம்ளர், அரை டம்ளராகக் குடியுங்கள். டீயும் கணக்கில் சேரும். பழகியவர்களுக்கு அது உடம்பை வறட்டுவதில்லை. ஆனால் கடுப்பு இருக்கும் நாட்களில் டீ பையை உறுத்தும், இரண்டு டம்ளரோடு நிறுத்துங்கள். கல் வந்தவர்கள் கருந்தேநீரைவிடப் பால் சேர்த்த டீ குடிப்பது மேல். தேயிலையில் உள்ள ஆக்சலேட்டைப் பாலின் கால்சியம் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இந்த அளவெல்லாம் உங்களுக்குத்தான். உங்கள் பக்கத்து லைன்காரர் போல டயாலிசிஸில் இருப்பவர்களும் இதயம் பலவீனமானவர்களும் மருத்துவர் அளந்து சொன்னதைத் தாண்டக் கூடாது. அவருக்கு அன்பாக நட்சத்திரப்பழம் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அந்தப் பழத்தின் நஞ்சு மூளையைத் தாக்கி உயிரையே எடுக்கும்.

அடக்குவதைப் பற்றி. வேலைக்குக் கிளம்பும் முன், டீ நேரத்தில், எடை போடும் நேரத்தில், சாப்பாட்டு வேளையில் என்று வராவிட்டாலும் போய்விட்டு வாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பை காலியானால் போதும். இடம் இல்லை என்பது உங்கள் தனிப்பட்ட சங்கடம் அல்ல. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடமும் குடிநீரும் தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. நடமாடும் கழிப்பறை ஒன்றைப் பறிக்கும் காட்டின் ஓரம் நிறுத்தச் சொல்லி, பெண்கள் எல்லோரும் சேர்ந்து சூப்பர்வைசரிடமும் சங்கத்திடமும் எழுதிக் கொடுங்கள். கடுப்புக்கான மருத்துவச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் இணையுங்கள்.

பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும்போது, முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஆன்டிபயாடிக் எதுவும் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.