பழைய ஜீப்புக்கு வீட்டிலேயே புது சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) செய்ய முடியுமா?

முடியும், நான் செய்திருக்கிறேன். "வெல்டிங் தெரியாதவனெல்லாம் பதில் எழுத வந்துட்டான்" என்று கீழே சண்டைக்கு வருபவர்களுக்கு: பன்னிரண்டு வருடம் கேட்டும் கிரில்லும் அடித்துப் பிழைத்தவன் நான்.

உங்கள் வண்டியும் பின் ஸ்பிரிங் ஹேங்கர், அதாவது பின் ஸ்பிரிங் பட்டையைச் சேஸோடு மாட்டும் இடத்துப் பக்கம்தான் அரித்திருக்கும். எங்களுடையது அப்பாவின் மகிந்திரா சிஜே 500டி. தென்னைக்குப் போடும் உப்பையும் பொட்டாஷையும் மூட்டை மூட்டையாக ஏற்றியே சேஸ் அப்பளமாகிவிட்டது.

100-க்கு 50 எம்எம் அளவில், 4 எம்எம் கனத்தில் பெட்டிக் குழாய் வாங்கினேன். பழைய சேஸின் ஒவ்வொரு போல்ட் ஓட்டைக்கும் தூக்குகுண்டு விட்டு, சிமெண்ட் தரையில் சாக்பீஸால் குறித்தேன். டாக் (அங்கங்கே பொட்டு வெல்டு) வைத்ததும் மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றுதான். அந்தத் திமிரில், கரண்ட் போவதற்குள் முடித்துவிடலாம் என்று இடது பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டேன். காலையில் 9 எம்எம் வித்தியாசம்! வெல்டு ஆறும்போது சுருங்கி இழுக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? கேட் கோணினால் கொண்டியைத் தட்டிச் சமாளிக்கலாம். சேஸ் கோணினால் வண்டி நண்டு மாதிரி போகும். இரண்டு கிராஸ் மெம்பரை (இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) அறுத்தெடுத்து, இங்கே இரண்டு அங்குலம், ஆறவிட்டு எதிர் மூலையில் இரண்டு அங்குலம் என்று நான்கு நாள் உட்கார்ந்தேன். 2 எம்எம்-முக்கு வந்தது.

அறுக்கிற கிரைண்டர் அப்போது மச்சான் வீட்டில். சக்கரத்தை மூடும் கார்டு உடைந்துதான் திரும்பி வந்தது, இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவல் வாங்குகிறவர்களைப் பற்றி யாராவது தனியாகக் கேள்வி கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

சரி, உண்மையான சிக்கல் வெல்டிங்கில் இல்லை. ஆர்சி புக்கில் இருக்கும் சேஸ் நம்பர் பழைய இரும்பில் இருந்தது. அந்த இரும்பைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். ஆர்சியைப் புதுப்பிக்கப் போனால், காகிதம் வைத்துப் பென்சில் தேய்த்து நம்பர் எடுக்க இடமே இல்லை. நம்பரை நாமே பஞ்ச் அடிப்பது குற்றம், நான் சொன்னேன் என்று செய்துவிடாதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 52-ஆவது பிரிவைப் படித்து, குழாய் வாங்குவதற்கு முன்பே அனுமதி கேளுங்கள்.

இப்போது ஜீப் தோப்புக்குள் மட்டும் ஓடுகிறது. அப்பா கேட் வரை ஓட்டிப் போய், ரிவர்ஸிலேயே வீட்டுக்கு வருகிறார்.