பட்டறை பதில்கள்: ஹைப்ரிட் பிக்கப்புக்கு எந்த ஆயில், எப்போது?

கேள்வி: 2022 மாடல் ஃபோர்டு எஃப்-150 பவர்பூஸ்ட் ஹைப்ரிட் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று எல்லாம் சின்னச் சின்ன ஓட்டம்தான். வருடத்துக்கு 7,000 மைல்கூடத் தாண்டாது. பெரில் புயலில் கரண்ட் போனபோது வீட்டு ஃபிரிட்ஜும் ஒரு ஏசியும் இந்த வண்டியில்தான் ஓடின. "பாதி நேரம் பேட்டரிதானே ஓடுகிறது, 10,000 மைலில் மாற்றினால் போதும். மைலேஜுக்கு மெல்லிய 0டபிள்யூ-20 ஆயில் ஊற்று" என்கிறார் நண்பர். கேட்கலாமா?
— வாசகர், கேட்டி, டெக்சாஸ்

பதில்: முதலில் ஆயில். 0டபிள்யூ-20 வேண்டவே வேண்டாம். அது ஃபோர்டின் சின்ன பிக்கப்பான மேவரிக் ஹைப்ரிட்டின், டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) இல்லாத 2.5 லிட்டர் எஞ்சினுக்கு. உங்களுடையது இரட்டை டர்போ வைத்த 3.5 லிட்டர் வி6. அதற்குச் சற்றுக் கெட்டியான 5டபிள்யூ-30, பில்டரோடு சேர்த்து 6 குவார்ட். டப்பாவின் பின்பக்கம் டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி961-ஏ1 என்ற ஃபோர்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்துப் படத்தை நம்பி வாங்காதீர்கள். எண் இருந்தால் எந்தக் கம்பெனி ஆயிலும் சரிதான். பில்டர், ஃபோர்டின் சொந்த பிராண்டான மோட்டார்கிராஃப்ட் எஃப்எல்-500எஸ். இரண்டு டாலர் மிச்சம் பிடிக்க இதில் பேரம் பேச வேண்டாம் என்பது என் கட்சி. எஞ்சின் அணையும்போது ஆயில் கீழே வடியாமல் பிடித்து வைக்கும் ரப்பர் வால்வு பில்டருக்குள் இருக்கிறது. ஹைப்ரிட்டில் எஞ்சின் ஒரே ஓட்டத்தில் எத்தனை தடவை அணைந்து எழுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி மைல் கணக்கு. நண்பர் சொல்வது இங்கேதான் உதைக்கிறது. சின்ன ஓட்டத்தில் எஞ்சின் சூடாவதற்குள் பேட்டரி கைமாற்றிக்கொள்கிறது. ஆயில் முழுச் சூட்டுக்கு வந்தால்தான் அதில் சேர்ந்த தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். வராவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். உங்களைப் போலவே பள்ளிக்கூட ஓட்டத்துக்கு மட்டும் பயன்பட்ட ஒரு பவர்பூஸ்ட் குளிர்காலத்தில் என் பட்டறைக்கு வந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தால், அடியில் பால் கூடிப்போன காப்பி நிறத்தில் நுரை. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்றது, முகர்ந்தால் பெட்ரோல் வாடை. "பார்த்தீர்களா, ஆயிலே குறையவில்லை" என்று வண்டிக்காரருக்கு ஒரே சந்தோஷம்!

அப்புறம் புயல் சமாச்சாரம். இந்த வண்டியின் பேட்டரி 1.5 கிலோவாட்-மணிதான். பின்பக்கத்து 7.2 கிலோவாட் பிளக்கில் முழு லோடு கொடுத்தால் கால் மணி நேரம்கூடத் தாங்காது. மீதி நேரமெல்லாம் எஞ்சின்தான் எழுந்து எழுந்து கரண்ட் தருகிறது. ஓடோமீட்டரோ அசையாது. நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால் 25 மைல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 40 மணி நேரம் ஓடியிருந்தால் ஆயிரம் மைல், வாசலைத் தாண்டாமலேயே. டிஸ்ப்ளே மெனுவில் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு இருக்கும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் மைலோடு அதையும் குறித்து வையுங்கள்.

10,000 மைல் அல்லது ஒரு வருடம் என்பது ஃபோர்டு தரும் உச்சவரம்பு. நெடுஞ்சாலையில் நிம்மதியாக ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். உங்களுக்கு 5,000 மைல், ஆறு மாதம், எஞ்சின் 200 மணி நேரம், இதில் எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். டிஸ்ப்ளேயில் ஆயில் ஆயுள் 40 சதவீதம் என்று காட்டினாலும் கவலைப்படாமல் மாற்றலாம். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயிலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

கேள்வி: ஆயிலை வீட்டிலேயே மாற்றினால் வாரண்டி போய்விடுமா?
— வாசகர், சுகர் லேண்ட்

பதில்: போகாது. டீலரிடம்தான் மாற்ற வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதை 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டம் தடுக்கிறது. ஆயில், பில்டர் ரசீதுகளைத் தேதி, மைல் எழுதிப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு எஞ்சினில் ஏதாவது வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

ஹைப்ரிட்டுக்கு அடியில் படுப்பதற்கு முன் வண்டியை முழுதாக அணைத்துச் சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். சத்தம் இல்லை என்பதால் வண்டி அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரெடி நிலையில் (ஓட்டத் தயாராக, ஆன் ஆகி) இருந்தால் எஞ்சின் தானாகவே கிளம்பும். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் கையே போகக் கூடாது. பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்தால் மொத்த ஆயிலும் தரையில்தான்.

கேள்வி: ஏர் பில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்து மறுபடி போடலாமா?
— வாசகர், சான் அன்டோனியோ

பதில்: வேண்டாம். காற்றின் வேகத்தில் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும், தூசி நேரே டர்போவுக்குப் போகும். எஃப்-150-க்கு எஞ்சின் ஏர் பில்டர் 30,000 மைலில், கேபின் பில்டர் 20,000 மைலில் மாற்ற வேண்டும். மண் ரோட்டில் ஓட்டுபவர் என்றால் அதற்கு முன்பே திறந்து பாருங்கள்.