கணக்குப் பார்த்தவரின் கண்ணீர்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது, வாஷிங்டனில் உள்ள யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்துக்கு நானும் என் மனைவியும் சென்றோம். உள்ளே நுழையும்போது ஆளுக்கோர் அடையாள அட்டை எடுத்துக்கொண்டோம். அந்தக் காலத்தில் வாழ்ந்த உண்மையான ஒருவரின் கதை ஒவ்வோர் அட்டையிலும் இருந்தது. காலணிகள் குவிந்து கிடக்கும் அறையில் அழத் தொடங்கிய என் மனைவி, வெளியே வரும்வரை நிறுத்தவில்லை. நானோ மூன்றரை மணி நேரம் ஒரு பலகை விடாமல் வாசித்தேன், எண்களை மனத்தில் குறித்துக்கொண்டேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வெளியே வந்ததும் பசித்தது. சாப்பிடலாமா என்று கேட்டேன். "உங்களுக்குக் கல்நெஞ்சு" என்றாள். முப்பத்தைந்து ஆண்டுகள் தணிக்கைத் துறையில் கணக்குப் பார்த்தவன் நான். அந்த வேலைதான் என்னை இப்படி ஆக்கிவிட்டதா?

க. ரா.

*

அன்புள்ள க. ரா.,

பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே கட்டடத்தில் மின்தூக்கியில் நான்காம் தளத்துக்கு ஏறி, ஒவ்வொரு தளமாக இறங்கி வந்திருக்கிறேன். அழுவேன் என்று எதிர்பார்த்துக்கொண்டு போனதாலோ என்னவோ, எனக்கும் அழுகை வரவில்லை. காலணி அறையில் முதலில் என்னைத் தாக்கியது வாசனை. பழைய தோலும் ரப்பரும் கலந்த, பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்ததுபோன்ற வாசனை. ஏறத்தாழ 4,000 காலணிகள் நிறமெல்லாம் போய் ஒரே சாம்பல் பூத்துக் கிடந்தன. வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளைப் பார்த்தே வீட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கணிக்கும் ஊரில் வளர்ந்தவன் என்பதால், என்னை அறியாமல் ஜோடி சேர்க்கப் பார்த்தேன். ஒன்றுகூடச் சேரவில்லை.

அங்கே நீங்கள் பார்த்திருக்கக்கூடிய இன்னொன்று, கூந்தலின் புகைப்படம். போலந்தில் முன்பு கொலை முகாமாக இருந்த ஆஷ்விட்ஸின் அருங்காட்சியகத்தில், கொல்லப்பட்ட பெண்களின் கூந்தலையே கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். வாஷிங்டனிலும் அப்படி வைக்கத்தான் முதலில் எண்ணியிருந்தார்கள். தங்கள் தாயின் கூந்தலும் அதில் இருக்கக்கூடும் என்று உயிர் தப்பியவர்கள் மறுத்ததால், புகைப்படத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பார்ப்பவரை எப்படியாவது அழவைத்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தால் அந்தக் கூந்தலை விட்டிருக்க மாட்டார்கள். அழாமல் வந்தவரை அந்த இடமே குறை சொல்லாது என்று நான் நம்புவது இதனால்தான்.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். 1943 ஜனவரி 11 அன்று ஹெர்மான் ஹோஃப்ளே என்ற, ஹிட்லரின் நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸின் அதிகாரி போலந்தின் லூப்ளின் நகரிலிருந்து ஒரு தந்தி அனுப்பினார். நான்கு கொலை முகாம்களுக்கு 1942 முடிய எத்தனை யூதர்கள் கொண்டுவரப்பட்டார்கள் என்ற கணக்கு அது. முகாம்களின் பெயர்கூட இல்லை, முதலெழுத்து மட்டும்தான். மொத்தம் 12,74,166 பேர். பிரிட்டிஷ் உளவுத்துறை அதை இடைமறித்துப் படித்தது. ஆனால் அதன் பொருள் விளங்காமல், 2000ஆம் ஆண்டு வரை அந்தத் தாள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. அதில் ட்ரெப்ளிங்கா முகாமுக்கு நேரே இருக்கும் எண் 71355. நான்கு வரிகளையும் கூட்டினால் மொத்தம் பொருந்துவதில்லை என்பதை நீங்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பீர்கள். கடைசியில் ஒரு 5 விடுபட்டுப் போயிருக்கிறது. இருக்க வேண்டிய எண் 7,13,555. விட்டுப்போன அந்த ஓர் இலக்கத்துக்குள் 6,42,200 பேர் இருந்தார்கள். யாரோ ஒருவர் பென்சிலை எடுத்துக் கூட்டிப் பார்த்ததால்தான் அவர்கள் வரிக்குத் திரும்பினார்கள். அதே தந்தியில் 24,733 என்று இருக்கும் வரி மைதானெக் முகாமுடையது. நீங்கள் பார்த்த காலணிகள் அந்த முகாமிலிருந்து வந்தவை.

கொன்றவர்கள் எழுதிவைத்த கணக்கு இது. சாகக் காத்திருந்தவர்களும் ஒரு கணக்கு எழுதினார்கள். அங்கே துருவேறிய பெரிய பால் கேன் ஒன்றைப் பார்த்த நினைவிருக்கிறதா? வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவுக்குள் இமானுவேல் ரிங்கெல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியர் 1940 நவம்பரிலிருந்து, சில பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ரகசியமாக ஓர் ஆவணக் காப்பகம் நடத்தினார். ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, மிட்டாய் சுற்றிய தாள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். பக்கத்துத் தெருவில் ஆட்களை ரயிலுக்கு ஓட்டிக்கொண்டிருந்த 1942 ஆகஸ்டில் முதல் பகுதியைத் தகரப் பெட்டிகளில் அடைத்து ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் புதைத்தார்கள். புதைத்தவர்களில் ஒருவனான பத்தொன்பது வயது தாவித் கிராபெர், உலகத்திடம் கதறிச் சொல்ல முடியாததை மண்ணில் புதைத்தோம் என்று எழுதி அதையும் உள்ளே வைத்தான். பெட்டிகள் 1946இல் கிடைத்தன, பிறகு புதைத்த இரண்டு பால் கேன்கள் 1950இல் கிடைத்தன. அந்தக் குழுவில் போர் முடியும்போது உயிரோடு இருந்தவர்கள் மூன்றே பேர். தங்களுக்காக யாராவது அழ வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்களோ என்னவோ, வாசிக்க வேண்டும் என்று விரும்பினார்கள் என்பதில் சந்தேகமில்லை. இல்லையென்றால் மிட்டாய்த் தாளைப் போய் ஏன் புதைக்க வேண்டும்?

பசித்ததைப் பற்றி நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றரை மணி நேரம் நின்றால் பசிக்கத்தான் செய்யும்.

எனக்குக் குறையாகப் படுவது ஒன்று உண்டு. ஆளுக்கோர் அட்டை எடுத்துக்கொண்டோம் என்று எழுதிய நீங்கள், அவற்றில் யார் இருந்தார்கள் என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. ஒரு பலகை விடாமல் வாசித்த நீங்கள், உங்கள் மனைவியின் கையில் இருந்த அட்டையை வாங்கி வாசித்தீர்களா? அவர் மற்ற அறைகளைக் கடந்து, அந்தக் காலணிகளுக்கு முன் வந்தபோது அழத் தொடங்கியதற்கு அதில் காரணம் இருந்திருக்கலாம். அட்டை இன்னும் அவருடைய கைப்பையில்தான் இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள்.