பீரோவில் 900 புத்தகங்கள்

வணக்கம் ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். 'நூலகம் உண்டா, எத்தனை புத்தகம்' என்று பள்ளிகளின் விவரங்களை அரசு திரட்டும் யுடைஸ் படிவத்தில் வருடா வருடம் கேட்கிறார்கள். 'உண்டு, 900' என்று எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அத்தனையும் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் இருக்கின்றன. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். படிப்பவர்கள் 120 பேர். எங்கள் நூலகம் நல்ல நூலகம்தானா என்பதை எதை வைத்துச் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

900 என்பது இருப்பு. ஒவ்வொரு பள்ளியிலும் கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்கும் புத்தகங்களும், செய்தித்தாளும், இதழ்களும் உள்ள நூலகம் வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. பூட்டிய பீரோவை வைத்துக்கொண்டும் 'உண்டு' என்று எழுதிவிட முடிகிறது, சிக்கல் அங்கேதான். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் பள்ளிகளுக்கு நேரில் போய் நடத்தும் அசர் கணக்கெடுப்பில் ஒரு படி மேலே போகிறார்கள். புத்தகம் இருக்கிறதா என்பதோடு, தாங்கள் போன அன்று குழந்தைகள் அவற்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்களா என்றும் பார்த்துக் குறிக்கிறார்கள்.

அவர்களுக்குக் கிடைப்பது ஒரு நாள். உங்களிடம் வருடம் முழுக்க வழங்கல் பதிவேடு, அதாவது யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்று எழுதும் நோட்டு, இருக்கிறது. ஒரு மாதப் பக்கங்களை எடுத்து, எத்தனை புத்தகம் போனது என்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர் எடுத்தார்கள் என்று பாருங்கள். ஒரு குழந்தையை ஒரு முறைதான் எண்ண வேண்டும். பத்துப் பேர் மட்டும் ஆளுக்குப் பன்னிரண்டு எடுத்தாலும் புத்தகக் கணக்கு 120 என்று வந்துவிடும். மற்ற 110 பேர் பீரோ பக்கமே வந்திருக்க மாட்டார்கள். அப்புறம் வகுப்பு வாரியாகப் பிரியுங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெயர் ஒன்றுகூட இல்லையென்றால், அவர்களுக்கு ஏற்ற புத்தகம் இல்லையா, அல்லது மேல் தட்டில் கைக்கு எட்டாமல் இருக்கிறதா? தலைமை ஆசிரியர் அறைக்குள் போகவே சின்னக் குழந்தைகள் தயங்குவார்கள், அதையும் கணக்கில் எடுங்கள். பார்வைக் குறைபாடுள்ள குழந்தை இருந்தால் பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தரத்துக்கு வருவோம். தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் சிறு புத்தகங்களை, படிக்கும் திறனுக்கு ஏற்ப நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரித்தது மிக நல்ல யோசனை. உங்கள் 900ஐயும் அப்படிப் பிரித்துப் பார்த்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு எத்தனை தேறுகிறது என்று தெரிந்துவிடும். நன்கொடையாக வந்த போட்டித் தேர்வுக் கையேடுகள் எண்ணிக்கையைக் கூட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவற்றால் என்ன பயன்?

உங்கள் பயம் நியாயமானது. பொறுப்பு ஆசிரியர் கைக்காசு போட வேண்டியிருக்குமோ என்ற நினைப்பே பீரோவைப் பூட்ட வைக்கிறது. இதற்கு மத்திய அரசின் பொது நிதி விதிகளில் (2017) ஒரு நல்ல வழி இருக்கிறது. விதி 215, ஆண்டில் வழங்கிய அல்லது எடுத்துப் பார்த்த 1,000 புத்தகங்களுக்கு 5 வரை தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்கிறது. அலட்சியமோ நேர்மைக்கேடோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கவனியுங்கள், இந்தக் கணக்கு இருப்பை வைத்துப் போட்டதல்ல. 120 பேர் மாதம் 2 புத்தகம் வீதம் 10 மாதம் எடுத்தால் 2,400 வழங்கல். அதில் 12 புத்தகம் தொலைந்தாலும் அது நூலகம் நடப்பதன் செலவு. மாநில அரசுப் பள்ளியை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக் காட்டிப் பேச ஆதாரமாகும்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, 'புத்தகங்கள் பயன்பாட்டுக்கே'. அதை விளக்கும்போது, பழைய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததைத்தான் சொல்கிறார்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை முன்வையுங்கள். எத்தனை தொலைந்தால் ஏற்பது, அதை யார் பதிவது என்று தீர்மானமாக எழுதி, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் சிறு புத்தகங்களை மட்டுமாவது வகுப்பறைக்கு மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்துப் பெயர்க் கணக்கை எனக்கு எழுதுங்கள். எந்த வகுப்பு குறைகிறதோ அதற்கேற்ற புத்தகப் பட்டியல் ஒன்றை அனுப்பி வைக்கிறேன்.