தம்பியின் வழக்குக்கு ஊரே பணம் தரத் தயார், வாங்கலாமா?

கேள்வி: என் தம்பி ராணுவத்தில் நாயக். 9 வருட சர்வீஸ். ஃபேஸ்புக்கில் பழகிய ஒரு பெண்ணுக்கு முகாமின் படங்களை அனுப்பினான் என்று சொல்லி 2 மாதமாக ராணுவக் காவலில் வைத்திருக்கிறார்கள். யூனிட் ராஜஸ்தானில் இருக்கிறது. கோர்ட் மார்ஷல் நடக்கலாம், போலீஸிடமும் ஒப்படைக்கலாம் என்கிறார்கள். வெளி வழக்கறிஞர் வைத்தால் 6 லட்சம் வரை ஆகுமாம். எங்களிடம் அவ்வளவு இல்லை. ஊர்ப் பையன்கள் அவனுடைய யூனிஃபார்ம் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, ஒருவனுடைய ஜிபே எண்ணில் இதுவரை 41,000 ரூபாய் சேர்த்துவிட்டார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவன் நண்பன், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட எங்கள் தாய்மாமா, தம்பியுடன் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் தருகிறோம் என்கிறார்கள். ஆனால் ‘காட்டிக் கொடுத்தவனுக்குப் பணம் கொடுத்தால் கொடுத்தவனையும் பிடிப்பான்’ என்று ஒரு பெரியவர் சொன்னதிலிருந்து எல்லோருக்கும் பயம். நாங்கள் இந்தப் பணத்தை வாங்கலாமா?
– வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: வாங்கலாம், சகோதரி. ஆனால் எல்லோரிடமும் வாங்கக் கூடாது. இப்போது வாங்கிக்கொண்டிருக்கும் விதத்தில் வாங்கவே கூடாது.

முதலில் அந்தப் பெரியவரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். கைதானவர் தனக்குப் பிடித்த வழக்கறிஞரை வைத்துக்கொள்வது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு தரும் உரிமை. கொலை வழக்கானாலும் உளவு வழக்கானாலும் வழக்கறிஞருக்குப் பீஸ் கட்ட உதவுவது குற்றத்துக்கு உடந்தை ஆகாது. கொடுத்தவரைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. விசாரித்தால் காட்ட ரசீது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. தகவலைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கினான் என்பதுதான் இந்த மாதிரி வழக்குகளில் வழக்கமாகக் கிளம்பும் சந்தேகம். விசாரணை அதிகாரி முதலில் கேட்பது பேங்க் ஸ்டேட்மென்ட். அவன் கணக்கு, மனைவியின் கணக்கு, அம்மாவின் கணக்கு எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், முகம் தெரியாத நூறு பேரிடமிருந்து 500, 1,000 என்று பணம் வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? நீங்கள் அவனைக் காப்பாற்றச் சேர்க்கும் பணமே அவனுக்கு எதிரான கேள்வியாகிவிடும். உங்கள் கையில் வரும் ஒவ்வொரு ரூபாயும் யாருடையது, எப்போது வந்தது, எதற்குப் போனது என்பதைச் சொல்ல முடிய வேண்டும். நான் கீழே சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

உலகம் அறிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2010 மே மாதம் ஈராக்கில் பணியில் இருந்த அமெரிக்க ராணுவ வீரர் பிராட்லி மேனிங் (இன்று செல்சீ மேனிங்), ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளத்துக்கு அப்படிப்பட்ட ஆவணங்களைக் கொடுத்ததாகக் கைதானார். ராணுவம் தந்த வழக்கறிஞர்கள் இருந்தும், டேவிட் கூம்ப்ஸ் என்ற சிவில் வழக்கறிஞரையும் வைத்துக்கொண்டார். அந்தச் செலவுக்கு ஆதரவாளர்கள் தனி அமைப்பு தொடங்கி, ஓக்லாந்தில் ஏற்கனவே இயங்கிய ஒரு போர் எதிர்ப்புக் குழுவின் வழியாக நன்கொடை வாங்கினார்கள். 2013இல் தீர்ப்பு வருவதற்குள் சேர்ந்த தொகை 10 லட்சம் டாலருக்கு மேல். இடையில் 2011 பிப்ரவரியில் இணையவழிப் பணம் அனுப்பும் பேபால் நிறுவனம் அந்தக் குழுவின் கணக்கையே முடக்கியது; எதிர்ப்பு கிளம்பிய பிறகு திறந்துவிட்டது. நம் ஊரில் கணக்கை முடக்க போலீஸுக்கே அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 106ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள்.

அந்த வழக்கில் இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். 2011 ஜனவரியில் விக்கிலீக்ஸும் அந்த நிதிக்கு 15,100 டாலர் கொடுத்தது. ரகசியத்தை வாங்கியதாகச் சொல்லப்படும் தரப்பே, கொடுத்ததாகச் சொல்லப்படுபவரின் வழக்குச் செலவுக்குப் பணம் தருகிறது! அங்கே அது ஊரறிய நடந்தது. இங்கே உங்கள் தம்பி வழக்கில் அப்படி ஒரு பத்து ரூபாய் வந்தாலும் போதும், எந்த வழக்கறிஞரும் அதை விளக்கி மீள முடியாது. முகநூலில் அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் என்று யாராவது இரக்கப்பட்டு வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

இனி உங்கள் மாமா விஷயம். இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன் 3ஆவது பிரிவு, பொது ஊழியர் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்கிறது. அவருக்காக இன்னொருவர் வாங்குவதையும் தடுக்கிறது. உங்கள் தம்பி இன்றும் பொது ஊழியர்தான். மாமா மலேசியக் குடிமகன், ஆகவே அவர் பணம் வெளிநாட்டுப் பணம். ‘உறவினர்’ தரலாம் என்று விலக்கு உண்டு. ஆனால் அந்தச் சட்டம் உறவினர் என்பதற்குக் கம்பெனிச் சட்டத்தின் பட்டியலை எடுத்துக்கொள்கிறது. அதில் அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை உண்டு, தாய்மாமன் இல்லை. காது குத்துக்கு மடி தருகிற, கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவருகிற தாய்மாமனை உறவில்லை என்று சொல்லும் சட்டத்தை என்னவென்பது! வேடிக்கை என்னவென்றால் வருமான வரிச் சட்டத்துக்கு மட்டும் அவர் உறவினர்தான். எது எப்படியோ, மாமா பணம் வேண்டாம். இங்குள்ள ஒருவர் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து உங்களுக்கு மாற்றுவதும் வேண்டாம். அது அதே தவறைச் சுற்றி வளைத்துச் செய்வது.

சிங்கப்பூர் நண்பர் வேறு. அவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சம்பளச் சேமிப்பிலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட்டின் நகலை வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும், மாமாவின் கதைதான்.

கூட வேலை பார்ப்பவர்களிடம் வாங்க வேண்டாம். அன்பில் குறையில்லை, ஆனால் அவர்களில் சிலர் நாளை இதே வழக்கில் சாட்சியாக நிற்கப் போகிறவர்கள். சாட்சிக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையில் பணம் போய் வந்தது என்று வந்தால் இரு பக்கமும் கெடும். ஓய்வு பெற்ற ராணுவத்தினர் தரலாம். உங்கள் மாவட்டத்தில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

பணம் எங்கே சேர வேண்டும் என்று பார்ப்போம். தம்பியின் கணக்கிலும் அவன் மனைவியின் கணக்கிலும் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. நீங்களும், ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரோ முன்னாள் ராணுவத்தினரோ சேர்ந்து புதிதாக ஒரு கூட்டு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று எழுதிக் கொடுங்கள். செலவு முழுக்க செக்கிலோ ஆன்லைனிலோ நடக்கட்டும். கணக்கு எழுத உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை என்று முப்பது வருடம் கழித்தும் தேடி எடுக்கிற மாதிரி எழுதும் ஊர் நம்முடையது. அதே நோட்டு, கூடவே தேதியும் போன் எண்ணும். மொய் திருப்பிச் செய்ய வேண்டியது, இது அப்படியல்ல என்பதை மட்டும் கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மீதி இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் முதல் நாளே எழுதிவையுங்கள். வழக்குகளில் குடும்பங்கள் முறைத்துக்கொள்வது பெரும்பாலும் தோல்விக்காக அல்ல, மிச்சப் பணத்துக்காக.

வரி ஒன்று இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வாங்கியவர் வரி கணக்குக் காட்ட வேண்டும். 41,000 வாங்கிய அந்தப் பையன் கல்லூரி மாணவனாக இருக்கலாம். இன்னும் ஒரு வாரம் போனால் அவன் தலையில் இது வந்து விழும். நெருங்கிய உறவுகள் தருவதற்கு வரி இல்லை. பெரிய தொகை தருகிறவர்களிடம் கடனாக வாங்குவதும் ஒரு வழி. கடனுக்கு வரி இல்லை. ஆனால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது, பேங்க் வழியாகத்தான். ஆடிட்டர் ஒருவரை ஒரு மணி நேரம் பார்த்துவிடுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

வேண்டுகோளில் என்ன எழுதுவது என்பது பணத்தைவிடப் பெரிய ஆபத்து. அலுவலக ரகசியச் சட்டம் 1923இன் 5ஆவது பிரிவு, ரகசியத்தைக் கொடுத்தவரோடு நிற்பதில்லை. தெரிந்தே வாங்கியவரையும் பரப்பியவரையும் பிடிக்கும். எந்த முகாம், எந்தப் படம், குற்றப்பத்திரிகையில் என்ன இருக்கிறது என்று ஊர் குரூப்பில் ஒரு வரிகூட வரக் கூடாது. யூனிஃபார்ம் படமும் யூனிட் பெயரும் வேண்டாம். ராணுவ விதிப்படி தம்பி அனுமதியில்லாமல் பத்திரிகைக்குப் பேசக் கூடாது. அவன் சொன்னதாக நீங்கள் பேசினாலும் பழி அவனுக்குத்தான். இவ்வளவு போதும்: ‘எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் மீது ராணுவ விசாரணை நடக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. வழக்கறிஞர் கட்டணத்துக்கும் குடும்பத்தார் பயணச் செலவுக்கும் மட்டும் உதவி கேட்கிறோம். இந்தியக் குடிமக்கள் மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்பவும். கணக்கு விவரம் மாதம் ஒருமுறை காட்டப்படும்.’

6 லட்சத்தை இன்றே யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். வழக்கு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ராணுவச் சட்டம் 125ஆவது பிரிவின்படி கோர்ட் மார்ஷலா, சாதாரண நீதிமன்றமா என்பதை ராணுவ அதிகாரி தீர்மானிப்பார். கோர்ட் மார்ஷல் என்றால் ராணுவமே ஒரு அதிகாரியை அவனுக்காக வாதாடத் தரும், செலவில்லாமல். வெளி வழக்கறிஞரை வைக்க அனுமதி கேட்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் கிடைக்கிறது. அது நாள்தோறும் தொடர்ந்து நடக்கும் விசாரணை. அதனால் பீஸை நாள் கணக்கில் பேசுங்கள். பயணமும் தங்கும் செலவும் தனி என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘ஜெயித்தால் இவ்வளவு’ என்று பேசுபவரிடம் போகாதீர்கள், பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. சாதாரண நீதிமன்றம் என்றால், காவலில் இருப்பவர் என்ற ஒரே தகுதியில், வருமானம் பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞருக்கு விண்ணப்பிக்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அது.

ஒரு பங்கை மேல்முறையீட்டுக்கு ஒதுக்கிவையுங்கள். கோர்ட் மார்ஷல் தண்டனை கொடுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் 90 நாளுக்குள் போக வேண்டும். ராணுவக் காவலில் இருப்பவருக்கு ஜாமீன் தரும் அதிகாரமும் அதற்கு உண்டு. இவை சீக்கிரம் முடிகிற வழக்குகள் அல்ல. ஜம்முவின் சாம்பா பகுதியில் இருந்த ராணுவத்தினர் மீது 1970களில் தொடங்கிய சாம்பா உளவு வழக்கில் 2000இல் டெல்லி உயர் நீதிமன்றம் ராணுவத்தினருக்குச் சாதகமாகச் சொன்னது. 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுபடி விசாரிக்க உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. முதல் மாதமே மொத்தப் பணமும் கரைந்துவிட்டால் அந்த 90 நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

இன்று இரவு அந்தப் பையனிடம் சொல்லுங்கள்: வாட்ஸ்அப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு எல்லா குரூப்பிலிருந்தும் நீக்கட்டும், இனி ஜிபேயில் வாங்க வேண்டாம். யார் யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்ற பட்டியலோடு அந்த 41,000 புதிய கணக்குக்கு ஒரே தவணையில் வரட்டும். நாளைக் காலை தம்பியின் கமாண்டிங் ஆபீசருக்குப் பதிவுத் தபாலில் இரண்டு வரிக் கடிதம் போடுங்கள்: என்ன குற்றச்சாட்டு என்பதைத் தெரிவிக்கவும், வழக்கறிஞர் அவனைச் சந்திக்க அனுமதிக்கவும் கோருவதாக. அந்தத் தபால் ரசீதை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.