டெமோ கிளாஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பை டெமோ கிளாஸ் ஆக்கியிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை மற்ற ஆசிரியர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்களாம். சொதப்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கணக்கில் பின்தங்கிய ஐந்து பேரை அன்று பக்கத்து வகுப்பில் உட்காரவைக்கச் சொல்கிறார் தலைமையாசிரியை. ஸ்மார்ட் போர்டு கேட்கலாமா? எப்படித் தயாராவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பயம் இரண்டாவது மாதம் தானாகப் போய்விடும், விடுங்கள். அந்த ஐந்து பேரை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே, என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

நானும் தாராவிப் பையன்தான். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் வாத்தியார் என் கையில் கெட்டிலைக் கொடுத்து கட்டிங் சாய் வாங்கிவர அனுப்புவார். தொண்ணூறடிச் சாலைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாடம் முடிந்திருக்கும். என்னை நம்பிக் காசு தருகிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. கழித்தல் வராத பையன்கள்தான் டீக்குப் போனார்கள் என்பது ஹைஸ்கூல் போனபிறகுதான் உறைத்தது. அவர் நல்ல மனிதர், எனக்கு நோட்டு வாங்கித் தந்தவர். அதனால் உங்கள் தலைமையாசிரியை மேல்கூட எனக்குக் கோபமில்லை. கேட்டுக்கொண்டு பேசாமல் வந்த உங்கள் மேல்தான்.

52-இல் 38 போனால் 26 என்று எழுதுவேன். இரண்டில் எட்டு போகாது, ஆகவே எட்டில் இரண்டைக் கழி; ஐந்தில் மூன்றைக் கழி. எனக்கு அது ஒழுங்கான கணக்கு. போர்டில் எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அந்த 26 தெரியாது, பக்கத்தில் நின்று நோட்டைப் பார்ப்பவருக்குத் தெரியும். வருகிறவர்களுக்கு வேறென்ன வேலை? உங்கள் சேலை மடிப்பைப் பார்க்கவா வருகிறார்கள்?

ஜப்பானில் இது நூறாண்டுக்கும் மேலான வழக்கம். ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் பிள்ளைகளுக்கு நடுவே நடந்து, யார் எங்கே சிக்கினாள், எதை அழித்து எழுதினாள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு பேச உட்காரும்போது நடத்தியவர்தான் முதலில் பேசுவார். பாடம் எல்லோருடையதும் என்பதால் அடி பாடத்தின் மேல் விழும், அவர் மேல் விழாது.

இங்கும் மைசூரு, அஜ்மீர், போபால், புவனேஸ்வரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மண்டலக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து, பாடம் நடத்திக் காட்டும் டெமான்ஸ்ட்ரேஷன் பள்ளிகள் இருக்கின்றன. 2020 கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. பின் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்தே அந்த 50 மணியையும் கழித்துவிடலாம், நம் ஆட்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

ஐவரும் வழக்கமான இடத்திலேயே உட்காரட்டும். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிள்ளைகளைக் காட்டி, இவர்கள் நோட்டை மட்டும் பாருங்கள் என்று சொல்லுங்கள். யார் மந்தம் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஒத்திகை பார்த்த பாடம் வேண்டவே வேண்டாம், கேள்வி முடியும்முன் பதில் சொல்லிப் பிள்ளைகளே காட்டிக்கொடுத்துவிடுவார்கள். முடிந்ததும் அரை மணி நேரம் நோட்டுகளை வைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் டெமோவே வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

ஸ்மார்ட் போர்டா? கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.